எட்டு டிகிரி

சோரியாங் மேட்டில் பாதி ஏறும்போதே வண்டி திணறத் தொடங்கிவிட்டது. மல்சுன் இரண்டாவது கியரிலிருந்து முதலாவதுக்கு இறக்கினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அப்படியும் வண்டி வேண்டாவெறுப்பாகத்தான் ஊர்ந்தது. ஜகல்ச்சி சந்தையில் ஏறிய மீன்காரி, மடியில் ஒரு கானாங்கெளுத்திப் பெட்டியும் காலடியில் இன்னொன்றுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் படிக்கட்டில் இரண்டு வாளித் தண்ணீரைத் தோள்கம்பில் தொங்கவிட்டு ஏறிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் வண்டியைத் தாண்டிப் போனார். மீன்காரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னாள்.

"நடந்தே போயிக்கிறேன். இதுல உக்காந்திருந்தா மீனு வெந்துரும்."

கட்டணத்தில் பாதியைச் சீட்டின்மேல் வைத்துவிட்டு, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் படியேறினாள். மீதியை மல்சுன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரியும். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் ஏறினது என் தப்பு என்பாள்.

வண்டியை ஓரம் கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு பானெட்டைத் தூக்கினாள். முகத்தில் அனல் அடித்தது. எஞ்சினிலிருந்து புகைக்குழாய் புறப்படும் இடம் பானெட் நிழலில் மங்கிய செங்கல் நிறத்தில் தகதகத்தது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் குமுறிக்கொண்டிருந்தது. மல்சுன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே எஞ்சினைப் பார்த்தபடி நின்றாள். ஜூலை மாத வெயில்தான் காரணம் என்று கம்பெனியில் எல்லா டிரைவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் போன வருஷமும் அடித்தது. போன வருஷம் இதே மேட்டில் இதே வண்டி நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் போனது.

இருபத்திரண்டு வண்டிகள் ஓடிய அந்த டாக்சி கம்பெனியில் அவள் ஒருத்திதான் பெண். மூன்று வருஷமாக ஓட்டுகிறாள். லாரி ஓட்டிய புருஷன் செத்த பிறகு லைசென்ஸ் எடுத்தவள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவளுக்கும் எஞ்சினுக்கும் இருந்த பழக்கம் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. சண்டைக் காலத்தில் பதினாலு வயதில் துறைமுகத்தை ஒட்டி இருந்த அன்னிய ராணுவத்தின் வண்டிப் பட்டறையில் சேர்ந்தாள். கழற்றிப் போட்ட எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுகிற வேலை. நாலு வருஷம் கழுவினாள். விரல் நகங்கள் போய்விட்டு மறுபடி முளைத்தன. கழுவுகிறவளை யாரும் ஆளாக மதிப்பதில்லை என்பதால், அவள் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாரும் எல்லாவற்றையும் பேசினார்கள். எல்லா வேலையையும் செய்தார்கள். எஞ்சின் எந்தச் சத்தம் போட்டால் எங்கே கோளாறு என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

இப்போது வண்டி போடுகிற சத்தத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

போன குளிர்காலத்தில் பெட்ரோல் விலை மளமளவென்று ஏறியபோது, கம்பெனி தன் கொட்டகையை ஒட்டிச் சொந்தமாக ஒரு பம்ப் வைத்தது. ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இருபது லிட்டர். அதற்குமேல் வேண்டுமென்றால் டிரைவர் வெளியில் தன் கைக்காசில் போட்டுக்கொள்ள வேண்டும். பம்ப் வந்த ஒரு வாரத்துக்குள் மேட்டில் ஏறும்போதெல்லாம் எஞ்சினுக்குள் தகர டப்பாவில் காய்ந்த மொச்சையைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பெட்ரோல் வேளைக்கு முன்னாலேயே பற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். பயணிகள் பயந்து கேட்டார்கள். டிரைவர்கள் கொட்டகையில் முணுமுணுத்தார்கள். ஜூன் கடைசியில் மேனேஜர் பியோ எல்லா வண்டிகளையும் வரிசையாக சர்வீசுக்கு விடச் சொன்னார். சர்வீஸ் முடிந்து வந்த வண்டி எதிலும் சத்தம் இல்லை. ஆண்கள் குளிர்ந்துபோனார்கள். மேனேஜர் நல்ல மனுஷன் என்றுகூட ஒருத்தன் சொன்னான். அதற்கப்புறம் எல்லா வண்டியும் மேட்டில் தவழ்ந்தது, கொதித்தது, மத்தியானம் மூன்று மணிக்கே இருபது லிட்டரையும் குடித்துத் தீர்த்தது. தினமும் வெளியில் பெட்ரோல் வாங்கிக்கொண்டே அவர்கள் வெயிலைத் திட்டினார்கள். காது கேட்காதவன்கூட இவர்களைவிட நன்றாக எஞ்சினைக் கேட்பான் என்று மல்சுன் நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் அடங்கியதும் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு ஓட்டிப் போனாள்.

மெக்கானிக் இல்மான் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்தான். ஐம்பதைத் தாண்டியவன், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவன். டிரைவர்கள் எல்லாரும் வண்டியைக் கெடுக்கப் பிறந்தவர்கள் என்பது அவன் முடிவு. அதிலும் பெண் டிரைவர் என்றால் பதில் சொல்வதே தண்டம். மல்சுன் அவன் கால்களைப் பார்த்துப் பேசினாள். பொறி விழும் வேளையை, டைமிங்கை, பின்னால் தள்ளி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஸ்பேனர் சத்தம் நின்றது. அவன் பலகையோடு உருண்டு வெளியே வந்து அவளைக் கீழேயிருந்து பார்த்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"வண்டி சொல்லுச்சு. எவ்வளவு தள்ளினீங்க மேஸ்திரி?"

"எட்டு டிகிரி."

"எல்லா வண்டிக்குமா?"

"மேனேஜர் பத்து கேட்டாரு. நான் எட்டோட நிறுத்தினேன்," என்றான் இல்மான், அவளுக்குச் செய்த உபகாரம் போல.

அவன் எழுந்து உட்கார்ந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். பம்பில் வருகிற பெட்ரோலில் மண்ணெண்ணெய் வாடை அடிப்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பெட்ரோலுக்குச் சத்தம் வராமல் இருக்க வேண்டுமென்றால் பொறியைத் தாமதமாக விழ வைப்பதுதான் வழி. மேனேஜர் கேட்டது சத்தம் நிற்க வேண்டும் என்பதை மட்டும். வண்டி இழுக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கூடுதலாகக் குடிக்கிற பெட்ரோல் யார் காசு என்று மல்சுன் கேட்டதற்கு, அது மேல்மாடி விஷயம் என்றான். வால்வு கருகினால் யார் தலையில் விழும் என்று கேட்டதும் மறுபடி படுத்து உள்ளே உருண்டுபோனான்.

மேல்மாடியில் பியோ இரண்டு நிமிஷம்தான் கொடுத்தார். மேஜை விசிறி அவர் பக்கம் மட்டும் திருப்பப்பட்டிருந்தது. சத்தம் வருகிறது என்று புகார் செய்தீர்கள், சத்தம் நின்றுவிட்டது, இப்போது சத்தம் நின்றுவிட்டது என்று புகாரா என்று கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எஞ்சின் கம்பெனியோடது. உனக்குக் குடுத்தது ஸ்டீரிங் மட்டுந்தான். அதைப் பிடிச்சுக்க," என்றார்.

மறுநாள் மத்தியானம் மல்சுன் சவாரி எடுக்கவில்லை. மூன்றாம் துறைமேடைக்குப் பின்னால் கிடங்குச் சுவர் நிழல் விழும் சந்தில் வண்டியை நிறுத்தினாள். முதல்நாளே பழைய சாமான் கடையில் ஒரு பின்விளக்கு பல்பும் இரண்டு முழம் ஒயரும் வாங்கி வைத்திருந்தாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாயிண்டைப் பார்த்தாள். அதன் இடைவெளிகூட சரியாக இல்லை. முதலில் அதைச் சரிசெய்தாள். பிறகு முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் விசிறிப் பட்டையைப் பிடித்து எஞ்சினை மெதுவாகச் சுற்றினாள். காற்று விரலைத் தள்ளியது. கப்பியின் விளிம்பில் வெட்டியிருந்த காடியைச் சாக்பீஸால் வெள்ளையாக்கி, பக்கத்தில் இருந்த சின்னத் தகட்டின் கோடுகளோடு பொருத்திப் பார்த்தாள். வண்டி செய்தவன் சொன்னது எட்டாவது கோடு. இல்மான் வைத்திருந்தது சைபரில். இந்தப் பெட்ரோலுக்கு எட்டு தாங்காது. மேட்டில் கியரை இறக்கி ஓட்டினால் ஆறு தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

காடியை ஆறாவது கோட்டில் நிறுத்தினாள். பல்பின் ஒரு ஒயரைப் பாயிண்டிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் மாட்டி சாவியைத் திருப்பினாள். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பிடித்திருந்த போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, உடம்பை இரண்டு கையாலும் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்பினாள். பல்ப் எரிந்தது. கொஞ்சம் பின்னால் திருப்பினாள், அணைந்தது. மறுபடி எரிகிற அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினாள். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிஷம் ஆனது.

சோரியாங் மேட்டில் வெறும் வண்டியாக ஏறிப் பார்த்தாள். பிறகு நாலு மாலுமிகளை ஏற்றிக்கொண்டு ஏறினாள். டாப் கியரில் வேண்டுமென்றே மிதித்தபோது மொச்சைச் சத்தம் லேசாகக் கேட்டது. கியரை இறக்கியதும் நின்றது. அந்த வாரம் மூன்று நாள் அவள் வெளியில் ஒரு சொட்டும் வாங்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தவன் குவாக். ரயில் ஸ்டேஷன் டாக்சி வரிசையில் எப்போதும் அவளுக்குப் பின்னால் நிற்கிறவன். அம்மணி, அடுப்பில் சோறு தீயுது, வீட்டுக்குப் போகலியா என்று தினம் ஒரு தரமாவது கேட்டுச் சிரிக்கிறவன். மூன்று தரம் அவன் கண்ணெதிரிலேயே மேட்டில் அவனைத் தாண்டிப் போனாள். நாலாம் நாள் ஒரு வறுத்த கணவாய் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்தான்.

"அக்கா, வண்டிக்கு என்ன செஞ்சீங்க?"

அவன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அந்த 'அக்கா'வையும் கணவாயையும் ஒரே மாதிரி நீட்டினான். மல்சுன் இரண்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. கிடங்குச் சந்துக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

குவாக்குக்குப் பிறகு இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். ஜூலை முடிவதற்குள் பதினேழு வண்டிகள் அந்தச் சந்துக்கு வந்துவிட்டன. மற்ற வண்டிகள் பயந்தவர்களுடையவை. ஆண்கள் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், விளக்குப் பிடித்தார்கள், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் டைமிங் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். முந்தின நாள் வரை வெயிலைத் திட்டியவர்கள். ஒவ்வொருவனிடமும் மல்சுன் அதையே சொன்னாள்: மேட்டில் கியரை இறக்கு, டாப்பில் போட்டு மிதித்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் எல்லாருக்கும் போச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

டைமிங்கைத் திருத்துவது பாதி வேலைதான் என்பது அவளுக்குத் தெரியும். பெட்ரோல் திருந்தாவிட்டால் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு எஞ்சின் போகும். ஒரு நாள் டிரைவர்கள் சாப்பிடுகிற கடையில் கோதுமை நூடுல்ஸ் கிண்ணங்களைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜைமேல் செய்தித்தாளை விரித்தாள். இரண்டு மருந்துப் புட்டிகளில் பெட்ரோல் கொண்டுவந்திருந்தாள். வெளியில் வாங்கியதிலிருந்து ஒரு சொட்டு, கம்பெனி பம்பிலிருந்து ஒரு சொட்டு, ஒரு சாண் இடைவெளியில் விட்டாள். பதினொரு பேர் குனிந்து பார்த்தார்கள். முதல் சொட்டு காய்ந்து போன இடமே தெரியவில்லை. இரண்டாவது சொட்டு காய்ந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று அப்படியே நின்றது. அதன் வழியாகத் தாளின் மறுபக்க எழுத்துத் தெரிந்தது.

நாம் எல்லாரும் கையெழுத்துப் போட்டு இதையும் சேர்த்து, மேனேஜரைத் தாண்டி, கம்பெனி முதலாளியிடம் கொடுப்போம் என்றாள். ஆண்கள் கிண்ணங்களை மறுபடி தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஒருவன் மகளுக்குக் கல்யாணம் என்றான். ஒருவன் கூட்டமாகக் கையெழுத்துப் போட்டால், அவசரச் சட்டம் அமலில் இருக்கிற இந்தக் காலத்தில் அதற்குப் போலீஸ் என்ன பெயர் வைக்கும் என்று தெரியாதா என்றான். அது உண்மைதான், ஆனால் அவன் அதை நிம்மதியோடு சொன்னான். குவாக் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, முதல் கையெழுத்து என்னுடையது என்றான். பேனா கொண்டுவருகிறேன் என்று வண்டிக்குப் போனவனுக்கு அங்கே ஒரு சவாரி கிடைத்துவிட்டது. மல்சுன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் நூடுல்ஸைச் சாப்பிட்டு முடித்தாள். அது ஊறிப் பெருத்திருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் பியோ தன் மச்சினனை மேட்டுமேல் இருந்த வீட்டில் விடுவதற்காக ஒரு வண்டியில் ஏறினார். அது குவாக்கின் வண்டியாகப் போயிற்று. மேனேஜர் பின்சீட்டில் இருக்கிறார் என்ற பரபரப்பில், தன் வண்டி எவ்வளவு நன்றாக இழுக்கிறது என்று காட்ட, குவாக் மேடு முழுவதையும் டாப் கியரிலேயே ஏறினான். மொச்சை டப்பா அடிவாரத்திலிருந்து உச்சிவரை குலுங்கியது.

அன்று சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது எல்லா டிரைவர்களையும் கொட்டகை முன்னால் நிற்கவைத்தார்கள். இல்மான் டைமிங் விளக்கைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றான். ஐந்து வண்டிகளைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது; ஐந்திலும் டைமிங் மாறியிருந்தது. கம்பெனி எஞ்சினில் கைவைத்தது யார் என்று பியோ கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலை குனியாமல் நின்றது ஒருத்திதான் என்பதால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

"நீயா?"

"ஆமா. பதினேழு வண்டிக்கு. உங்க சொந்த வண்டி மேட்டுல இழுக்கலேன்னா சொல்லுங்க, அதுக்கும் வெச்சுத் தர்றேன்."

வரிசையில் யாருக்கோ இருமல் வந்தது. மல்சுன் சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்து, எண்ணெய் வட்டத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். உங்கள் பம்பிலிருந்து எடுத்தது, நீங்களே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள் என்றாள். பியோ தாளை வாங்கினார். வட்டத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி அது எந்தத் தேதியுடையது என்று பார்த்தார். பிறகு ஓரமாக நின்ற இல்மானிடம் நீட்டினார்.

"கையைத் துடைச்சுக்க."

இல்மான் அதை வாங்கினான். இரண்டு கையிலும் கிரீஸ் இருந்தது. சற்றுத் தயங்கினான், பிறகு துடைத்தான்.

"பாத்திரம் கழுவ வேண்டியவளுக்கு ஸ்டீரிங்கைக் குடுத்தது என் தப்பு," என்று பியோ வரிசையைப் பார்த்துச் சொன்னார். சில பேர் சிரித்தார்கள். குவாக்கும் சிரித்தான். அப்புறம் அவர் மல்சுனிடம் சாவியையும் தொப்பியையும் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்குப் போலீசுக்குப் போகாமல் விடுவது தன் பெருந்தன்மை என்றும் சொன்னார். அவள் சாவியைக் கிளார்க்கின் கையில் கொடுக்காமல் தன் வண்டியின் பானெட்மேல் வைத்தாள். தொப்பியை அதன் பக்கத்தில் வைத்தாள். வெளியே போகும்போது பின்னால் இல்மானின் ஸ்பேனர் சத்தம் கேட்டது. பதினேழு வண்டிகளையும் அன்றைக்கே சைபருக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. போல்ட்டுகளின் தலையில் சிவப்புப் பெயிண்ட் பூச வேண்டும் என்றும். யாராவது திருப்பினால் பெயிண்ட் வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் அவளோடு இருந்தவள் தங்கை. ரப்பர் செருப்புத் தொழிற்சாலையில் ஒட்டுப்போடுகிறவள்; விரல்களில் பசை மணம் எப்போதும் இருக்கும். இரண்டு நாள் பொறுத்து, எங்கள் லைனில் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் முப்பது வயதுக்குள் வேண்டுமாம் என்று மட்டும் சொன்னாள். மல்சுனுக்கு முப்பத்தேழு.

அவள் வேறு மூன்று டாக்சி கம்பெனிகளில் ஏறி இறங்கினாள். இரண்டில் பெண் என்றதும் கதவோடு சரி. மூன்றாவதில் ஒருவர் உட்காரச் சொன்னார், லைசென்ஸைப் பார்த்தார், வைத்துக்கொள்கிறேன் என்றார். முந்தின கம்பெனியிலிருந்து அனுபவச் சான்று மட்டும் கொண்டுவரச் சொன்னார். அது இல்லாமல் டாக்சி சங்கத்தில் பதிய முடியாது.

அப்படித்தான் பதினொரு நாள் கழித்து, ஆகஸ்டில் ஒரு காலை, மல்சுன் மறுபடி அந்த வாசலுக்குப் போனாள். வாசல் முழுவதும் தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தது. வண்டிகள் இருபத்திரண்டும் கழுவித் துடைத்து ஓரமாக நின்றன. டிரைவர்கள் ஒருவரும் சவாரிக்குப் போகாமல் சீருடையில் வாசலிலிருந்து மாடிப்படிவரை இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். இஸ்திரி போட்ட கால்சட்டை, புது வெள்ளைக் கையுறைகள். வரிசையின் கடைசியில் இல்மானையும் ஒரு சீருடைச் சட்டைக்குள் நுழைத்து நிறுத்தியிருந்தார்கள். தோளில் சட்டை பிடித்தது. அவன் கைகளிலும் கையுறைகள். பக்கத்தில் போனபோது அவன் தலையைத் திருப்பாமல் பேசினான்.

"நகராட்சியிலேர்ந்து வர்றாங்க. பெட்ரோல் சிக்கனத்துக்கு விருது. ஊர்லயே நம்ம கம்பெனிதான் கம்மியாம்."

"எப்படி?"

"பம்ப்ல எடுத்த கணக்கைத்தான் கேட்டாங்க. வெளிய வாங்கினதை யாரு கேட்டா?"

அவள் மாடிக்கு ஏறினாள். பியோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். சான்றிதழ் என்றதும் கிளார்க்கை டைப் அடிக்கச் சொல்லி, வாசித்துப் பார்க்காமலே முத்திரை குத்திக் கொடுத்தார். மல்சுன் நின்று வாசித்தாள். இரண்டே வரிகள். மூன்று வருஷம் ஓட்டினாள் என்பது முதல் வரி. எஞ்சினைச் சேதப்படுத்தியதால் நீக்கப்பட்டாள் என்பது இரண்டாவது. அவள் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"ரெண்டாவது வரி வேண்டாம்."

"முதல் வரி மட்டும் எழுதினா அது பொய்யாயிடும்," என்றார் பியோ கழுத்துப்பட்டியின் முடிச்சை நேராக்கிக்கொண்டே. "எங்களது சர்க்கார் விருது வாங்குற கம்பெனி."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். ஒரு மனுஷனுக்கு முடிச்சுப் போட இவ்வளவு நேரமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர்தான் பார்வையை எடுத்துக்கொண்டு, கீழே ஒத்திகை ஆயிற்றா என்று கிளார்க்கைக் கேட்டார். மல்சுன் தாளை எடுத்து நாலாக மடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

வாசலுக்குப் போக வேறு வழி இல்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில்தான் போக வேண்டும். கிளார்க் அவள் பின்னாலேயே ஓடிவந்து கடைசிப் படியில் நின்றுகொண்டான். கைதட்டலை இன்னும் ஒரு தரம் பார்த்துவிடலாம், கார் உள்ளே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கையை உயர்த்தினான்.

மல்சுன் நடக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கமும் வெள்ளைக் கையுறைகள் எழுந்தன. டிரைவர்கள் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எதிர்வரிசையின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு தட்டினார்கள். குவாக் மற்றவர்களைவிட வேகமாகத் தட்டினான். துணியும் துணியும் மோதி, ஈரத் துணி உதறுகிற மாதிரி மந்தமாக ஒலித்தது.

மாடி ஜன்னல் திறந்தது.

"கீழ தட்டுறது மேல கேக்கல," என்றார் பியோ.

அவள் வாசலைத் தாண்டும்வரை அவர்கள் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.